அப்பாவின் அம்பாசிடர்: போட்ட காசு திரும்புமா?

பழைய கார்களைச் சீர்செய்வது பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அப்பா 1978-ல் புதிதாக எடுத்த அம்பாசிடர் மார்க் 3, அவர் காலமானபின் 11 வருடமாக ஷெட்டில் நிற்கிறது. பட்டறையில் மொத்தமாக 4.5 லட்சம் கேட்கிறார்கள். "அந்தக் காசுக்கு ஓடுகிற செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிவிடலாமே" என்கிறான் தம்பி. செய்து முடித்து விற்றால் போட்டது வருமா?
– வாசகர், வடசேரி

பதில்: வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். உத்தர்பாரா ஆலையில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்துகொண்டே இருந்த வண்டி அம்பாசிடர். சேகரிப்பவர்கள் தேடி அலைவது மார்க் 1, மார்க் 2 வண்டிகளை. மார்க் 3-க்கு நல்ல விலை பேச வேண்டுமானால் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும், தகரம் பழுதில்லாமல் இருக்க வேண்டும், முதலில் வாங்கிய குடும்பத்திலேயே வண்டி நின்றிருக்க வேண்டும். உங்களிடம் மூன்றாவது நிச்சயம் இருக்கிறது. மற்ற இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

"மொத்தமாக 4.5 லட்சம்" என்பது மதிப்பீடே அல்ல. தகரவேலை, பெயிண்ட், எஞ்சினும் கியர் பாக்ஸும், பிரேக்கும் சஸ்பென்ஷனும், ஒயரிங், சீட்டும் உள்வேலையும், குரோம் என்று ஏழாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தகரமும் பெயிண்டும் மட்டும் பாதிக்கு மேல் விழுங்கும். எழுதித் தந்த தொகையோடு 30 சதவீதம் சேர்த்து வையுங்கள், 4.5 லட்சம் 5.85 லட்சம் ஆகும். பழைய பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் உள்ளே இருக்கும் ஓட்டைகள் தெரியும் என்பதால் இந்த 30 சதவீதம் பெரும்பாலும் செலவாகியே தீரும்.

இந்தத் தொகைக்கும் விற்றால் கிடைக்கக்கூடிய தொகைக்கும் உள்ள வித்தியாசம் அப்பா மேல் உள்ள பாசத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதைக் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் "நாளைக்கு விலை ஏறும்" என்று தம்பியிடம் சொல்லிச் சம்மதம் வாங்காதீர்கள். அப்பாவின் வண்டியில் வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. செலவு யாருடையது, பிறகு விற்றால் யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள்.

இன்னொன்று. வண்டியை முழுக்கப் பிரிக்க உடனே அனுமதிக்காதீர்கள். முதல் கட்டமாக பிரேக்கையும் எஞ்சினையும் மட்டும் உயிர்ப்பித்து, வண்டி தானாக ஓடி நிற்கும்படி செய்யுங்கள். பணம் தீர்ந்து அங்கேயே நிறுத்தினாலும் அது ஓடுகிற கார். பாதியில் நின்றுபோன வேலைகள் பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டிய பிறகு நின்றவைதான். அப்படிப்பட்ட வண்டிக்குப் பழைய இரும்பு விலைதான் கிடைக்கும். முன்பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகரம் தெரியும் நிலையில் நான்கு பக்கமும் அடியிலும் எடுத்த படங்கள் இல்லாமல் அடுத்த தவணை கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பின்னால் விற்க நேர்ந்தால் புதுப் பெயிண்டைவிட அந்தப் படங்களுக்குத்தான் வாங்குகிறவர் காசு கொடுப்பார்.

கேள்வி: வீட்டிலிருந்து கடல் அரை கிலோமீட்டர்தான். அம்பாசிடரின் தரையிலும் கதவு அடியிலும் துரு. "பட்டி போட்டு அடித்தால் புதுசு மாதிரி ஆயிடும்" என்கிறார் டிங்கரிங் மேஸ்திரி. நம்பலாமா?
– வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: புதுசு மாதிரி ஆகும், அடுத்த மழைக்காலம் வரை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. உப்புக்காற்று ஆண்டு முழுக்க. இங்கே பழைய காரின் ஆயுளைத் தீர்மானிப்பது தகரம்தான். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

முதலில் எங்கே துரு இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டியின் உடம்பெல்லாம் நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் ஏற்கெனவே பட்டி இருக்கிறது. பிறகு தரை விரிப்பைத் தூக்கிவிட்டு, தடித்த ஸ்க்ரூடிரைவரால் தரையை அழுத்திக் குத்துங்கள். அம்பாசிடரில் பார்க்க வேண்டிய இடங்கள்: டிரைவர் காலடி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியான சில், கதவுகளின் உள்அடி, கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, டிக்கியின் தரை, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன்பக்கச் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டம். கடைசி இரண்டிலும் துரு இருந்தால் அழகைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். ஓட்டும்போது முறிந்தால் உயிருக்கு ஆபத்து.

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. உடம்பே சட்டம். சில்லை அறுத்தால் வண்டி நடுவில் தொய்யும், அப்புறம் கதவு பூட்டாது. அதனால் அறுக்குமுன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாகப் பற்றவைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். துருவுக்கு வெளியே ஓர் அங்குலம் நல்ல தகரம் வரை வெட்டி எடுத்து, பழைய தகரத்தின் கனத்திலேயே புதுத் தகரம் வைக்க வேண்டும். 20 கேஜ் என்றால் சுமார் 0.9 மி.மீ., 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ. பழைய தகரத்தை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு வாங்குங்கள். கேஸ் வெல்டிங்கின் சூடு பரவி மெல்லிய தகரம் நெளியும். 0.8 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங், அதுவும் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து ஆறவிட்டுச் சேர்ப்பதே சரி.

தேய்த்துப் பளபளப்பாக்கிய தகரத்திலும் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். அதை அப்படியே மூடினால் சில மாதங்களில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். நல்ல தண்ணீரில் கழுவி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி பூசி, மறுபடி கழுவி, ஹீட் கன்னில் முழுக்கக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். கடலோரத்தில் வெறும் தகரத்தை ராத்திரி விட்டுவைத்தால் காலையில் செம்மண் பூசியது போல் இருக்கும். கழுவும் தண்ணீரும் முக்கியம். உங்கள் கிணறோ போரோ உவர்ப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர் கொண்டுவாருங்கள்.

பட்டி கெட்ட பொருள் அல்ல. எபாக்ஸி பிரைமருக்கு மேல் 2 அல்லது 3 மி.மீ.க்குள் மேடுபள்ளம் சமன்செய்யத்தான் அது. ஓட்டையை அடைக்க அல்ல. பட்டி தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர்த்தாள் போட்டுத் தேய்த்த ஈரத்தோடு மேலே அடித்தால் அந்த ஈரம் தகரத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

பெயிண்ட் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும்; தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பி.யு. பெயிண்ட் கடலோரத்தில் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அந்த ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பட்டறையில் கொடுக்காதீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்த கொட்டகையில் ஆடிக் காற்றில் அடித்தால், கலருக்குப் பதில் உப்புத்தாள் கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் சில், கதவு, குறுக்குச் சட்டங்களின் உள்ளே மெழுகு எண்ணெய் பீய்ச்சி, அடியில் உள்ள தண்ணீர்த் துளைகள் அடைபடவில்லை என்று கம்பி விட்டுப் பாருங்கள். பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும்.

கேள்வி: பல ஆண்டுகள் நின்ற அம்பாசிடரின் எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது. கியரில் போட்டு ஜீப்பால் இழுத்தால் விட்டுவிடும் என்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எஞ்சின் விடாது, பிஸ்டன் ரிங்கோ வால்வோ உடையும்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 30, 40 மில்லி ஊற்றுங்கள்; ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் மண்ணெண்ணெயும் சரிபாதி. மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஊறட்டும், நாளுக்கொரு முறை கொஞ்சம் சேருங்கள். வால்வுகளுக்கு மேலே உள்ள டாப்பெட் மூடியைக் கழற்றி வால்வு ஏதும் கீழேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அம்பாசிடருக்கு முன்னால் போடும் ஹேண்டிலைப் போட்டு மெதுவாக அசைத்துப் பாருங்கள். முழுச்சுற்று சுற்ற அவசரப்பட வேண்டாம், அரை அங்குலம் அசைந்தால் பாதி வெற்றி. ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

சுற்றியதும் உள்ளே இருக்கும் ஆயிலை வடியுங்கள். எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பையும் இறக்கிச் சகதியை வழித்து எடுப்பது நல்லது. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைக் கொடுத்து ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு டாப்பெட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.64 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சி.பி. பாயின்ட் 0.36 முதல் 0.40 மி.மீ. ஃபயரிங் வரிசை 1-3-4-2. பேட்டரியை மாட்டுமுன் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள், பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றி மாட்டினால் புகை வரும்.

ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வுகள் உட்காரும் இடத்தில் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்கு வடிவமைத்த வார்ப்பிரும்பு ஹெட் அது. 2000-க்குப் பிறகு அந்தப் பெட்ரோல் இல்லை. ஈயத்தின் பூச்சு இல்லாமல் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், டாப்பெட் இடைவெளி தானாகக் குறையும், கடைசியில் வால்வு கருகும்.

எஞ்சின் உயிர்பெற்ற சந்தோஷத்தில் தெருவில் இறங்கிவிடாதீர்கள். வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ்கள், புது பிரேக் ஆயில் மாற்றாமல் கேட்டைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: 1982 பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபின் ஷெட்டில் பெட்ரோல் வாடை. எஞ்சினும் சில நேரம் திக்குகிறது.
– வாசகர், தக்கலை

பதில்: இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் எத்தனால்தான். பழைய ரப்பர் ஹோஸை அது ஊதவைத்து, பிறகு வெடிக்கவைக்கிறது. டாங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கெட்டுகள், ஃப்ளோட் நீடில் மூன்றும் கூடவே மாற வேண்டும். வாடை முழுக்க நிற்கும்வரை ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து எஞ்சின் திக்கும், சூடேறும். மெக்கானிக்கிடம் பிளக்கின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் வெள்ளையாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டலாம். மைலேஜ் கொஞ்சம் குறைவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. அரை டாங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்துவதுதான் மோசம். ஒன்று நிறைத்து வையுங்கள், இல்லையென்றால் முழுக்க வடித்துவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 1965 அம்பாசிடர். பிள்ளைகள் ஏ.சி.யும் புது டீசல் எஞ்சினும் போடலாம் என்கிறார்கள். அம்மா சீட்டைக்கூட மாற்றக் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், குலசேகரம்

பதில்: அம்மா சொல்வதுதான், காசுக் கணக்கிலும்.

தாத்தா கை பட்டுத் தேய்ந்த ஸ்டியரிங், உட்கார்ந்து பள்ளமான சீட், டாஷ்போர்டில் அவர் ஒட்டிய சாமி படம் இவையெல்லாம் பட்டறைக்காரர் கண்ணுக்குக் குறைகள். முழுச் சீரமைப்பு என்றால் முதலில் போவது இவைதான். புது ரெக்சினில் உட்கார்ந்த பிறகுதான் "இது தாத்தா வண்டி மாதிரியே இல்லையே" என்று தோன்றும், அப்போது பழைய சீட் குப்பையில் கிடக்கும். வேலைக்கு விடுமுன் வீட்டில் எல்லோரும் வண்டியைச் சுற்றி வந்து, தொடக் கூடாத இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் படம் எடுத்து, பட்டியலின் ஒரு பிரதியை மேஸ்திரியிடம் கொடுங்கள். சீட்டுக்கு உள்ளே ஸ்பிரிங்கையும் தேங்காய்நாரையும் மாற்றிவிட்டு, மேலுறையை அதே தையல் துளைகளில் திரும்பத் தைக்க முடியும். கூலி புது உறையைவிடக் கூடலாம்.

மாற்றங்களில் திரும்பக் கழற்றக்கூடியது, கழற்ற முடியாதது என்று இரண்டு வகை. சீட் பெல்ட், ஹெட்லைட் ரிலே, ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாம் முதல் வகை. தாராளமாகச் செய்யலாம், கழற்றிய உருப்படிகளைச் சீட்டு எழுதிப் பெட்டியில் வையுங்கள். டாஷ்போர்டை அறுப்பதும் எஞ்சினை மாற்றுவதும் இரண்டாம் வகை. எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் தேவை. 50 ஆண்டு நிறைந்த வண்டிகளைத் தனியாகப் பதிவுசெய்ய 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி, சேஸிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றியமைத்த வண்டி அந்தப் பதிவுக்குத் தகுதி இழக்கிறது. உங்களுடையது 50 ஆண்டு தாண்டிய வண்டி, அந்த வாசலை நீங்களே அடைக்க வேண்டாம். கலர் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய கலர் தெரியவில்லை என்றால் பானெட்டுக்கு உள்ளே, டாஷ்போர்டுக்குப் பின்னால் சுரண்டிப் பாருங்கள்.

குரோம் வேலையில் ஓர் எச்சரிக்கை. பம்பருக்குச் செம்பு, நிக்கல், குரோம் என மூன்று பூச்சும் வேண்டும். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு மட்டும் போட்டால் நம் ஊர்க் காற்றில் ஒரே மழைக்காலத்தில் புள்ளி விழும். கைப்பிடிகள் மசாக் என்னும் துத்தநாகக் கலவை வார்ப்பு. குழி விழுந்ததைப் பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் குழி பெரிதாகும். நல்ல பழைய கைப்பிடி தேடுவதே மலிவு. சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஆர்.சி. இன்னும் காலமான அப்பா பெயரில். பதிவுக் காலமும் முடிந்துவிட்டது. பழைய வண்டியைப் பிடித்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: பெட்ரோல் கார் 15 ஆண்டு, டீசல் 10 ஆண்டு என்பது டெல்லி வட்டாரத்து உத்தரவு. இங்கே சொந்தக் கார் 15 ஆண்டுக்குப் பின் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் பெயர் மாற்றம். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும், தாமதத்துக்குக் கட்டணம் உண்டு. பிறகு படிவம் 25-ல் புதுப்பித்தல். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி, தாமதக் கட்டணம் தனி. இந்தத் தொகையைப் பட்டறைச் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். செலவழித்த பிறகு காகிதம் சரியாகாத வண்டி காட்சிப் பொருள்தான்.

50 ஆண்டு நிறைந்த வண்டிக்கு வி.ஏ. எழுத்துள்ள விண்டேஜ் பதிவும் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுசீந்திரம் போய்வர ஆசை என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும்.

பெயிண்ட் அடிப்பவர் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு விடுமுன் அதன்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இன்ஷூரன்ஸில், 5 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியின் மதிப்பு நீங்களும் நிறுவனமும் பேசி முடிவுசெய்வது. பில்களும் படங்களும் கொடுத்து மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் மரம் விழுந்தால் பழைய இரும்பு விலைதான் வரும்.

கேள்வி: பாசமெல்லாம் இல்லை, ஒரு பழைய கார் ஆசை. வாங்கிச் செய்வதா, செய்ததை வாங்குவதா?
– வாசகர், குழித்துறை

பதில்: செய்ததை வாங்குங்கள். வேறொருவர் போட்ட காசின் ஒரு பகுதியை மட்டும் நீங்கள் கொடுப்பீர்கள். வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இல்லாமல் பெயிண்ட் மட்டும் மின்னுகிற வண்டி என்றால் காந்தத்தோடு போங்கள்.

கேள்வி: இப்போது செய்யப் பணம் இல்லை. விற்கவும் மனமில்லை. இரண்டு மூன்று வருடம் கெடாமல் நிறுத்திவைக்க முடியுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: முடியும், சில ஆயிரம் ரூபாயில். நல்ல தண்ணீரில் அடிப்பகுதி உட்படக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கதவு, டிக்கி திறந்து காயவையுங்கள். தரை விரிப்பையும் அதன் அடியில் உள்ள சணல் விரிப்பையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஈரம் தங்குவது அங்கேதான். பெட்ரோலை வடித்து, புது எஞ்சின் ஆயில் மாற்றி, பேட்டரியைக் கழற்றி, பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஹேண்டிலால் சுற்றுங்கள். பிறகு மாதம் ஒருமுறை சில சுற்றுகள் போதும். நான்கு மூலையிலும் ஸ்டாண்டு கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடலை மரக்கட்டை கொடுத்து அழுத்தியே வைத்தால் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டாது.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூட வேண்டாம். உள்ளே வியர்த்து வண்டி வெந்துவிடும். பருத்தித் துணி போதும். ஷெட் தரை மண் என்றால் கனமான பாலிதீன் விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் எலி புகாமல் வலை வைத்துக் கட்டுங்கள். தென்னைக்கு அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள்.